வெயில்ல நீளுற இரும்ப மில்லிமீட்டர்ல அளக்க முடியுமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, கப்பல் கட்டுற எடத்துல லேசர் கருவி வச்சு எப்படி அளக்குறாங்கன்னு சின்னதா ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதுக்கு மதுரைப் பக்கத்துல இருந்து இம்புட்டு கேள்வி வரும்னு நெனைக்கல, ரொம்ப சந்தோஷம். எல்லாத்துக்கும் எடம் பத்தாது, அதனால சிலத மட்டும் எடுத்துருக்கேன். பேரு வேணாம்னு நெறைய பேர் சொன்னதால ஊர மட்டும் போட்டுருக்கேன்.

கேள்வி: அண்ணே, நான் வெல்டிங் பட்டறை வச்சிருக்கேன். கேட்டு, ஷெட்டு, கூரையத் தாங்குற டிரஸ் சட்டம் எல்லாத்தையும் டேப்ப வச்சுத்தான் அளக்குறோம். ரெண்டு மூணு மில்லி அங்கிட்டு இங்கிட்டு போனா வெல்டுலயே இழுத்து சரி பண்ணிருவோம். 200 மீட்டர் கப்பலுக்கு எதுக்குண்ணே மில்லிமீட்டர் கணக்கு? (திருமங்கலம்)

பதில்: தம்பி, கப்பல ஒரே துண்டா அடியில இருந்து மேல வரைக்கும் கட்டிக்கிட்டே போறதில்ல. தனித்தனி பிளாக்கா ஷெட்டுக்குள்ள செஞ்சு, ஒவ்வொன்னும் நூத்துக்கணக்கான டன் இருக்கும், அத பெரிய கிரேன்ல தூக்கிட்டு வந்து டாக்ல, அதாவது கப்பல சேத்துக் கட்டுற பெரிய பள்ளத்துல, ஒன்னோட ஒன்னு சேத்து வெல்டு வைக்கிறாங்க. இந்த மாதிரி துண்டு துண்டா செஞ்சு சேக்குற முறை ரெண்டாம் உலகப்போர்ல அமெரிக்காவுல லிபர்ட்டி கப்பலுங்க கட்டும்போது பெருசா பரவுச்சு, 2,710 கப்பல் கட்டுனாங்க, அதுல ராபர்ட் இ. பியரிங்கிற கப்பல 1942 நவம்பர்ல அஞ்சு நாளுக்குள்ள கட்டி தண்ணியில எறக்குனாங்க. தனித்தனியா செஞ்சது ஒன்னோட ஒன்னு பொருந்துனாத்தான் அந்த வேகமெல்லாம்.

இப்ப யோசிங்க, 300 டன் பிளாக்கு கிரேன்ல தொங்குது, கீழ இருக்குற பிளாக்கோட சேக்கும்போது 15 மில்லி கூடுதலா இருக்குன்னு தெரியுது. கிரேன் அங்கயே நிக்கணும், ஆளுங்க கேஸ் கட்டரோட மேல ஏறி அந்தரத்துல வெட்டணும், அதுக்குள்ள டாக்ல அடுத்த வேலை எல்லாம் நிக்கும். குறைவா இருந்தா அதவிட மோசம், இடைவெளிய நிரப்ப தகடு வச்சு ஒட்டணும், ஒரு வெல்டு வர்ற எடத்துல ரெண்டு வெல்டு வரும். இதுக்குப் பயந்துதான் அந்தக் காலத்துல ஒவ்வொரு பிளாக்கோட ஓரத்துலயும் கொஞ்சம் கூடுதல் இரும்ப விட்டு வச்சு, டாக்ல வச்சுப் பாத்து வெட்டுனாங்க. இப்ப ரெண்டு பிளாக்கும் தரையில இருக்கும்போதே அளந்து, கம்ப்யூட்டர்ல ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்து, எங்க எம்புட்டு வெட்டணும்னு தரையிலயே வெட்டிர்றாங்க. வெல்டு சுருங்குறதையும் முன்கூட்டியே கணக்குல வைக்கணும், ஒரு ஜாயிண்டுக்கு ஒன்னு ரெண்டு மில்லின்னு வச்சாக்கூட இருபது ஜாயிண்டு உள்ள கப்பல் 20, 40 மில்லி குட்டையாப் போயிரும்ல.

நீங்க சொன்ன அந்த 'இழுத்து சரி பண்றது' இருக்கு பாருங்க, அதப் பத்தி கொஞ்சம் அழுத்திச் சொல்றேன். கப்பல்ல ஒரு தகட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டம், இந்தப் பக்கம் ஒரு சட்டம் நேருக்கு நேரா வரணும், விசை அது வழியா நேரா போகணும். நாலஞ்சு மில்லி விலகிட்டா விசை வளைஞ்சு போகும், ஜாக்கி போட்டு இழுத்து வச்சு வெல்டு பண்ணுனா அந்த இழுவிசை இரும்புக்குள்ளயே தங்கிரும், கப்பல் அலையில லட்சக்கணக்கான தடவ ஏறி எறங்கும்போது விரிசல் அந்த எடத்துலதான் ஆரம்பிக்கும். ஷெட்டு டிரஸ்ஸுக்கு அந்த அலை இல்ல. ஆனா பாலத்துக்கும் கிரேனுக்கும் வேலை செய்யிறதா இருந்தா உங்களுக்கும் இதே கதைதான், அங்க இழுத்துராதீங்க.

கேள்வி: சார், பாலிடெக்னிக்ல சிவில் படிக்கிறேன். டோட்டல் ஸ்டேஷன் லேப்ல பாத்துருக்கேன். லேசர் டிராக்கர், லேசர் ஸ்கேனர்னு சொல்றதெல்லாம் அதேதானா, வேறயா? (மதுரை, வில்லாபுரம்)

பதில்: மூணும் வேற வேற வேலைக்கு, ஆனா அடிப்படை ஒன்னுதான் தம்பி. டோட்டல் ஸ்டேஷன்னா முக்காலியில நிக்கிற, கோணத்தையும் தூரத்தையும் சேத்து அளக்குற சர்வே கருவி, மத்த ரெண்டும் அதோட சொந்தக்காரங்க: கிடைக்கோணம், செங்குத்துக்கோணம், தூரம் இந்த மூணும் தெரிஞ்சா ஒரு புள்ளி எங்க இருக்குன்னு தெரிஞ்சிரும். தூரத்த எப்படி எடுக்குறாங்கங்கிறதுலயும் எம்புட்டு நுணுக்கமா எடுக்குறாங்கங்கிறதுலயும்தான் வித்தியாசம்.

ஒளி ஒரு நானோசெகண்டுல சுமார் 30 சென்டிமீட்டர் போகும். போயிட்டுத் திரும்பி வர்ற நேரத்த நேரடியா அளந்து ஒரு மில்லிமீட்டர பிரிச்சுப் பாக்கணும்னா ஏழு பிகோசெகண்டுக்கும் (நானோசெகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு ஒரு பிகோசெகண்டு) குறைவான நேரத்தப் பிடிக்கணும், அது லேசுப்பட்ட வேலை இல்ல. அதனால பெரும்பாலான டோட்டல் ஸ்டேஷன்ல லேசரோட வெளிச்சத்த ஒரு சீரான அலையா கூட்டிக் குறைச்சு அனுப்பி, திரும்பி வர்ற அலை எம்புட்டு பின்தங்கி வருதுன்னு பாத்து தூரத்தக் கண்டுபிடிக்கிறாங்க. தூரத்துல ஒரு மில்லி வரைக்கும் வரும். கோணத்துல ஒரு செகண்டு (நேரம் இல்ல, ஒரு டிகிரிய 3600 பங்கா பிரிச்சா ஒரு பங்கு) தப்புன்னா 100 மீட்டருக்கு அங்கிட்டு கிட்டத்தட்ட அரை மில்லி விலகும். பிளாக்க அளக்க இது போதும், ஷிப்யார்டுல தினசரி வேலை இதுலதான் நடக்குது.

லேசர் டிராக்கர் இதவிட பல மடங்கு நுணுக்கம். அமெரிக்காவோட தேசிய அளவியல் ஆய்வகத்துல 1980கள்ல காம் லாவ்ங்கிற விஞ்ஞானி ரோபோ கையோட அசைவ அளக்கிறதுக்காக உருவாக்குனதுதான் இதோட ஆரம்பம். ஒன்றரை இஞ்சு விட்டம் உள்ள இரும்பு உருண்டை ஒன்னு இருக்கும், அதுக்குள்ள மூணு கண்ணாடி ஒன்னுக்கொன்னு செங்குத்தா சேந்து இருக்கும், கண்ணாடி தெரியிற பக்கமா வர்ற லேசர் கொஞ்சம் சாஞ்சு வந்தாலும் வந்த வழியிலயே திருப்பி அனுப்பிரும். உருண்டைய கையில பிடிச்சுக்கிட்டு நடந்தா டிராக்கரோட தலை உங்களையே பாத்துத் திரும்பிக்கிட்டே வரும், எங்க தொட்டு வைக்கிறீங்களோ அந்தப் புள்ளி பதிவாகும். நல்ல டிராக்கருக்கு 15 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு ஒரு மைக்ரான்), அதோட மீட்டருக்கு 6 மைக்ரான்னு கணக்கு சொல்லுவாங்க, அப்ப 40 மீட்டர்ல கால் மில்லி. ஒன்னு ஞாபகம் வச்சுக்கோங்க, கருவி அளக்குறது உருண்டையோட மையத்த, நீங்க தொட்டது இரும்போட மேற்பரப்ப. நடுவுல 19.05 மில்லி இருக்கு, அத எந்தப் பக்கமா கழிக்கணும்னு சாஃப்ட்வேர்ல சரியா சொல்லணும். பழைய டிராக்கர்ல ஒளி அலைய ஒவ்வொன்னா எண்ணிக்கிட்டே வரும், குறுக்க யாராவது போயிட்டா எண்ணிக்கை அறுந்துரும், மறுபடி முதல்ல இருந்து. இப்ப வர்றதுல அறுந்தாலும் தூரத்த தானே திரும்பப் பிடிச்சுக்கும்.

ஸ்கேனர் வேற ரகம், அது தொடச் சொல்லாது, சுத்தி சுத்தி எல்லாத்தையும் செகண்டுக்கு பத்து லட்சம் புள்ளி வரைக்கும் அள்ளிக்கிட்டு வரும். பழைய கப்பல்ல என்ஜின் ரூம்ல புதுக் குழாய் போடணும், வரைபடமும் நெஜமும் ஒத்துப்போகல, அங்க ஸ்கேனர்தான் ராஜா. நுணுக்கம் ஒன்னு ரெண்டு மில்லி. மூணுல எது ஒசத்தின்னு கேக்காதீங்க, ப்ரொபெல்லர் ஷாஃப்ட் பேரிங்குக்கு டிராக்கர், பிளாக்குக்கு டோட்டல் ஸ்டேஷன், குழாய்க் காட்டுக்கு ஸ்கேனர்.

கேள்வி: ஐயா, என் மகனுக்கு ஷிப்யார்டுல லேசர் அளவெடுக்குற வேலை கெடச்சிருக்கு. லேசர் கண்ண அவிச்சிரும்னு சொல்றாங்களே, அனுப்பலாமா? (மேலூர், வாசகி)

பதில்: தாராளமா அனுப்புங்கம்மா. டிராக்கர்ல இருக்குறது பெரும்பாலும் கிளாஸ் 2 வகை, அதாவது ஒரு மில்லிவாட்டுக்குள்ள, தெரியாம கண்ணுல பட்டாலும் இமை தானா மூடிக்கிற நேரத்துக்குள்ள ஒன்னும் ஆகாது. வேணும்னே முறைச்சுப் பாக்கக்கூடாது, அம்புட்டுதான். ப்ரிஸம், அதாவது ஒளிய திருப்பி அனுப்புற கண்ணாடிக் குறி, இல்லாம நேரா சுவத்துல அடிச்சு அளக்குற டோட்டல் ஸ்டேஷன்ல கிளாஸ் 3ஆர் இருக்கும், அது கொஞ்சம் கூடுதல் பலம், அத ஆளுங்க முகம் இருக்குற உயரத்துல அடிக்கக்கூடாது, கண்ணாடி, பாலிஷ் பண்ணுன இரும்பு மேலயும் அடிக்கக்கூடாது.

நீங்க பயப்பட வேண்டியது வேற. உயரம், காத்து பத்தாத டேங்க், தலைக்கு மேல கிரேன்ல தொங்குற லோடு இந்த மூணும்தான். டேங்குக்குள்ள எறங்குறதுக்கு முன்னாடி காத்த சோதிச்சு அனுமதி சீட்டு குடுத்தாங்களா, வெளிய ஒரு ஆளு காவலுக்கு நிக்கிறாரா, இடுப்பு பெல்ட் இல்லாம முழு ஹார்னஸ் போட்டுருக்கானா, இத தினமும் போன்ல கேளுங்கம்மா. அளவெடுக்குற பசங்க கருவியோட விலைய நெனச்சு அதக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு படியில எறங்குவாங்க, ஒரு கை எப்பவும் ஏணியில இருக்கணும்னு சொல்லுங்க.

கேள்வி: நில அளவைத் துறையில வேலை பாத்து ரிட்டயர்டு ஆனவன். சங்கிலிய வெயில்ல போட்டு அளந்தா நீளம்னு எங்களுக்கு சொல்லிக் குடுத்தாங்க. கப்பலே இரும்பாச்சே, அது நீளாதா? எந்த நேரத்துல அளக்குறாங்க? (உசிலம்பட்டி)

பதில்: ஐயா, இந்த விஷயத்தோட உயிரே உங்க கேள்வியிலதான் இருக்கு. நீளும், நல்லாவே நீளும். இரும்பு ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு சுமார் 12 மைக்ரான் நீளும். கொச்சியில கட்டுன விமானந்தாங்கிக் கப்பல் ஐஎன்எஸ் விக்ராந்த் 262 மீட்டர், நம்ம வண்டியூர் தெப்பக்குளத்துல நீளவாக்குல போட்டா கொஞ்சம் எடம் மிச்சம் இருக்கும், அவ்வளவு பெருசு. அந்த நீளத்துக்கு 10 டிகிரி ஏறுனா 31 மில்லி நீளும். காலையில ஆறு மணிக்கு அளந்தவரும் மத்தியானம் ரெண்டு மணிக்கு அளந்தவரும் ரெண்டு பேருமே சரியா அளந்துருந்தாலும் ரெண்டு எண்ணும் ஒத்துப்போகாது.

நீளுறதுகூட கணக்குல சரி பண்ணிறலாம், வளையிறதுதான் தலைவலி. மேல டெக்குல வெயில் நேரா அடிக்கும், அடியில நிழலு. டெக்கு அடிப்பக்கத்தவிட 20 டிகிரி கூடுதல் சூடு, கப்பல் உயரம் 20 மீட்டர், நீளம் 200 மீட்டர், சூடு மேல இருந்து கீழ சீரா எறங்குதுன்னும் கப்பல் தடையில்லாம வளையலாம்னும் வச்சுக் கணக்குப் போட்டுப் பாருங்க, நடுப்பகுதி முனைங்களவிட 60 மில்லி தூக்கி நிக்கும். கருவி மைக்ரான்ல படிக்குது, கப்பலோ சென்டிமீட்டர்ல நெளியுது! அதனாலதான் முக்கியமான அளவெல்லாம், குறிப்பா ஷாஃப்ட் லைன், அதாவது ப்ரொபெல்லர சுத்துற தண்டு, நேரா இருக்கான்னு பாக்குற வேலைய, ராத்திரியிலயோ விடிகாலையில சூரியன் வர்றதுக்கு முன்னாடியோ செய்யிறாங்க. அந்த நேரத்துல பக்கத்துல வெல்டிங்கு நிறுத்தணும், கனமான எதையும் தூக்கி வைக்கக்கூடாது. லேசர் வர்றதுக்கு முன்னாடி பியானோ கம்பிய இழுத்துக் கட்டி பாத்தாங்களே, அப்பவும் இதே நேரம்தான். கருவி மாறியிருக்கு, நேரம் மாறல.

காத்தும் இதுல சேத்தி. ஒளி காத்துல போற வேகம் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் தகுந்த மாதிரி மாறும், ஒரு டிகிரி தப்பா குடுத்தா பத்து லட்சத்துல ஒரு பங்கு, அதாவது 100 மீட்டருக்கு 0.1 மில்லி பிசகும். டிராக்கர்ல சின்னதா ஒரு வானிலை சென்சாரே கூட வரும், இத அது தானா பாத்துக்கும். அதே ஒரு டிகிரி இரும்புல தப்புனா 100 மீட்டருக்கு 1.2 மில்லி, பன்னெண்டு மடங்கு! ஆனா இரும்புல தெர்மாமீட்டர் ஒட்டி, எத்தன எடத்துல என்ன சூடுன்னு எழுதி கணக்குல சேக்கிறது மனுசன் பொறுப்பு. காத்துக்குத் திருத்தம் போட்டாச்சு, இரும்புக்குப் போடல, அப்படிப்பட்ட ரிப்போர்ட் நெறைய வருது, எனக்கு அதப் பாத்தா மனசு கேக்காது. என்ன நேரம், இரும்புல என்ன சூடு, எந்தப் புள்ளிய அடிப்படையா வச்சு எடுத்தது, இந்த மூணும் இல்லாத எண்ண நான் அளவுன்னே ஒத்துக்க மாட்டேன். பொருளோட நீளம்னு சொன்னா 20 டிகிரியில எம்புட்டுன்னு சொல்றதுதான் உலக வழக்கம், அதுக்கு மாத்தித்தான் எழுதணும்.

உங்க முன்னோர் இத அழகா செஞ்சுருக்காங்க ஐயா. 1802ல லாம்ப்டன்ங்கிற பிரிட்டிஷ் நில அளவையாளர் சென்னை பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் அடிக்கோடு (மத்த அளவுக்கெல்லாம் ஆதாரமா தரையில அளக்குற கோடு) அளந்தப்ப சங்கிலிய வெயில் படாம பெட்டிக்குள்ள வச்சு, தெர்மாமீட்டர் வச்சு சூட்ட எழுதி எழுதித்தான் அளந்தாரு.

கேள்வி: மீனாட்சியம்மன் கோயில் தெற்கு கோபுரத்த ஏறாமலே இந்தக் கருவியில அளக்கலாமா? (மதுரை, தெற்கு மாசி வீதி)

பதில்: அளக்கலாம். ப்ரிஸம் இல்லாம அளக்குற டோட்டல் ஸ்டேஷனும் போதும், ஸ்கேனர்னா ஒவ்வொரு சுதையும் வடிவத்தோட வந்துரும். சுமார் 52 மீட்டர்னு சொல்ற உயரம் தரையில எந்தப் புள்ளியில இருந்துன்னு முதல்ல தீர்மானிச்சுக்கணும், கலசத்தோட சேத்தா இல்லாமயான்னும் சொல்லணும். 1808ல தஞ்சாவூர் பெரிய கோயில் மேல லாம்ப்டனோட அரை டன் எடை தியோடலைட்ட, அதாவது கோணம் அளக்குற கருவிய, கயித்துல ஏத்தும்போது மோதி நசுங்கிப்போச்சு, இன்னைக்கு கீழ நின்னே எடுத்துறலாம்.

கேள்வி: கப்பல தண்ணியில எறக்குன பிறகு ஆடிக்கிட்டே இருக்கும்ல, அப்ப எப்படி அளப்பாங்க? (வாடிப்பட்டி, பள்ளி ஆசிரியர்)

பதில்: நல்ல கேள்வி டீச்சர். டோட்டல் ஸ்டேஷனுக்குள்ள ஒரு ஈடுகட்டி இருக்கு, பூமியோட ஈர்ப்ப வச்சு கருவி சாஞ்சா தானா கோணத்தத் திருத்திக்கும். தரையில அது வரம், மிதக்குற கப்பல்ல அதுவே சனியன், கப்பல் சாயுறப்பல்லாம் கருவி அதத் திருத்தப் பாக்கும், அளவு தாறுமாறாப் போகும். அதனால மொதல்ல அத அணைச்சிருவாங்க. மேல கீழன்னு பூமிய வச்சு சொல்றதையே விட்டுட்டு, கப்பல்லயே ஒட்டியிருக்குற புள்ளிங்கள அடிப்படையா வச்சுக்குவாங்க. கருவியும் கப்பலும் புள்ளியும் சேந்தே ஆடுறதால ஒன்னுக்கொன்னு மாறாது.

ஒரு எடத்துல நின்னு எல்லாம் தெரியாதுல்ல, கருவிய நகத்தும்போது முன்னாடி அளந்த புள்ளிங்கள்ல சிலத புது எடத்துல இருந்தும் அளந்து ரெண்டையும் பொருத்துவாங்க, அதுக்கு குறைஞ்சது மூணு புள்ளி வேணும், நான் ஆறு ஏழாவது இல்லாம நகர மாட்டேன், புள்ளிங்க ஒரே பக்கமா குவியாம சுத்தி பரவி இருக்கணும். இன்னொன்னு, டாக்ல அடியில தாங்கி நின்ன கப்பல் தண்ணியில எறங்குனதும் உருவமே கொஞ்சம் மாறும், சில எடம் ஏறும் சில எடம் எறங்கும். அதனால ஷாஃப்ட்டோட கடைசி பொருத்தத்த மிதந்த பிறகுதான் சரிபார்க்குறாங்க. டாக்ல கண்ணாடி மாதிரி நேரா வச்சது மிதக்கும்போது நேரா இருக்காதுன்னு தெரிஞ்சு, பேரிங்குகள வேணும்னே கணக்குப் போட்டு ஏத்தி எறக்கி வைக்கிறதும் உண்டு.

கேள்வி: கப்பலூர் சிட்கோவுல சின்ன ஃபேப்ரிகேஷன் யூனிட். பெரிய ஆர்டருக்கு அளவு ரிப்போர்ட் கேக்குறாங்க. லேசர் டிராக்கர் வாங்கலாமா? (கப்பலூர்)

பதில்: இப்ப வாங்காதீங்க. ஆளோட சேத்து நாள் வாடகைக்கு எடுங்க, வேலை நிரந்தரமா வந்தா பெறகு யோசிக்கலாம். அதுக்கு முன்னாடி உங்க கையில இருக்குற டேப்ப பாருங்க. அதுல ரோமன் எழுத்துல ஒன்னுன்னோ ரெண்டுன்னோ வகுப்பு போட்டுருக்கும். ரெண்டாம் வகுப்பு டேப்பு 10 மீட்டர்ல 2.3 மில்லி வரைக்கும் பிசகலாம், அது அனுமதிச்ச தப்பு, மொதல் வகுப்புக்கு 1.1 மில்லி. இதுவே தெரியாம அரை மில்லிக்கு சண்ட போடுற எடங்க இருக்கு. ஒரு மொதல் வகுப்பு டேப்ப வாங்கி காலிபரேஷன் சான்றிதழோட பூட்டி வச்சுக்கங்க, மத்த டேப்பெல்லாம் மாசம் ஒருதடவ அதோட ஒப்பிட்டுப் பாக்கணும். வேலைக்காரங்க ஆளுக்கொரு கம்பெனி டேப்பு வச்சுக்கிட்டு அளக்குறத நிறுத்துங்க. டேப்பு ஒரு டிகிரி சாஞ்சு போனாலே 10 மீட்டர்ல ஒன்றரை மில்லி கூடிரும். மூலைக்கு மூலை குறுக்களவு எடுக்குற பழக்கத்த விட்றாதீங்க, சட்டம் சதுரமா இருக்கான்னு அதவிட மலிவா சொல்ற கருவி எதுவும் இல்ல.

அப்புறம் ஒன்னு, உங்க டேப்பும் இரும்பு, சட்டமும் இரும்பு. ரெண்டும் ஒரே நிழல்ல ஒரே சூட்டுல கிடந்தா ரெண்டும் சேந்தே நீளும், கணக்கு தானா அடிபட்டுரும். லேசர் அப்படி நீளாது, அதனால லேசருக்கு மாறுன அன்னைக்கு இருந்து சட்டத்தோட சூட்ட நீங்களே எழுதியாகணும்.

கேள்வி: தூத்துக்குடிக்கு ஷிப்யார்டு வருதுன்னு சொல்றாங்க. இந்த வேலைக்கு மதுரைப் பையன் என்ன படிக்கணும்? (திருப்பரங்குன்றம்)

பதில்: கொச்சின் ஷிப்யார்டும் மசகான் டாக்கும் தூத்துக்குடியில தளம் அமைக்க 2025 செப்டம்பர்ல புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டுருக்காங்க. ஒப்பந்தம் போட்டதும் வேலை வந்துராது, ஆனா தயாராக இது நல்ல நேரம். ஐடிஐயில சர்வேயர், டிப்ளமோ மெக்கானிக்கல், சிவில், எதுல இருந்தும் வரலாம். முக்கோணக் கணக்கும் எக்ஸ், ஒய், இசட் ஆயமும் கைவிரல்ல இருக்கணும், முப்பரிமாண வரைபடத்தப் பாத்து எது முன்பக்கம் எது எடதுபக்கம்னு பட்டுனு சொல்லத் தெரியணும், வெல்டு எந்தப் பக்கம் இழுக்கும்னு ஒரு ஃபிட்டர்கிட்ட ஆறு மாசம் நின்னு பாத்துட்டா இன்னும் நல்லது. எம்புட்டு பேரு கருவிய இயக்கத் தெரியும்னு வருவாங்க, எதுக்காக இந்தப் புள்ளிய எடுக்குறோம்னு சொல்லத் தெரிஞ்சவங்களத்தான் சூப்பர்வைசர் கூடவே வச்சுக்குவாரு.

லேப்ல டோட்டல் ஸ்டேஷன் இருந்தா இப்பவே ஒன்னு செஞ்சு பாருங்க தம்பி: வெயில்ல கிடக்குற நீளமான இரும்பு கர்டரையோ தண்டவாளத் துண்டையோ விடிகாலையில ஒருதடவ, மத்தியானம் ஒருதடவ அளங்க, கூடவே இரும்பு மேல ஒரு தெர்மாமீட்டர ஒட்டி வைங்க. கெடச்ச வித்தியாசத்த 12 மைக்ரான் கணக்கோட ஒப்பிட்டு எனக்கு எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ்ல போடுறேன்.